கறுப்பு எலிகள்

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சாராய ஊசி போடுவது என் வேலை. போதை தெரிந்தால் இடப்பக்கப் பொத்தான், தெரியாவிட்டால் வலப்பக்கம் என்று பழக்கியிருக்கிறோம். சரியாக அழுத்தினால் தீனி விழும். வெள்ளை எலிகள் ஊசி போட்டதும் இடப்பக்கம் போகின்றன. கறுப்பு எலிகள் அதே அளவு ஏறியும் வலப்பக்கமே அழுத்திவிட்டுத் தீனிக்குக் காத்திருக்கின்றன.

“இதுங்களுக்குத் திமிரா மேடம்?” என்று ஆய்வை நடத்துகிறவரிடம் இன்று கேட்டேன்.

“இல்ல மாசிலா. அதுங்களுக்கு நெஜமாவே தெரியல. பரம்பரையா வர்றது.”

என் அப்பா வண்டியோடு வாய்க்காலில் விழுந்து செத்த அன்றும், தெளிவாக இருப்பதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்பினார்.

சாயங்காலம் மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போக வண்டியை எடுத்தேன். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். என் மனைவி குழலி சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

“குடிச்சிருக்கியா?”

“மத்தியானம் ரெண்டு கிளாஸ். நல்லாத்தான்டி இருக்கேன்.”

“நல்லா இருக்கியான்னா கேட்டேன்? போதை இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

கைகளைப் பார்த்தேன். நடுங்கவில்லை. தலை சுற்றவில்லை. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. நேற்றுவரை எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“தெரியலடி” என்றேன்.

“நேரமாச்சுப்பா, போலாம்” என்று மகள் என் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.