மஞ்சள் சுவர்

ஓர்த்தா ஏரிக்கரையில் வெயில் சாய்கிறது. துறையோரச் சுவர் பழுத்த மஞ்சளாக மின்னுகிறது. நான் என் பிள்ளைகளைப் படம் பிடிக்கக் கைபேசியை உயர்த்துகிறேன். கறுப்பு உடையில் ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி அங்கேயே நிற்கிறாள். "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? சுவர் அழகா இருக்கு" என்கிறேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எடுத்துக்கங்க தம்பி" என்று விலகுகிறாள். அவள் நின்ற இடத்தில் லவீனியாவும் தோபியாவும் உருகும் பிஸ்தா ஐஸ்கிரீமோடு சாய்கிறார்கள். "தள்ளாதடா குரங்கே!" "நீதான்டி குரங்கு!" இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். தண்ணீர் படிக்கல்லில் சளப் சளப்பென்று மோதுகிறது. படம் எடுத்தாயிற்று. பிள்ளைகள் நகர்ந்ததும்தான் சுவரில் கறுப்புக் கரையிட்ட தாள் தெரிகிறது. எங்கள் ஊர்களில் எந்தத் தெருவிலும் இருக்கிற மரண அறிவிப்புதான். அதில் ஒரு இளைஞன் சிரிக்கிறான். அவன் நெற்றியிலிருந்து பச்சையாக ஐஸ்கிரீம் வழிகிறது. "ஐயோ, மன்னிச்சிடுங்க, கவனிக்கவே இல்ல" என்று அந்தப் பெண்ணிடம் பதறி, பையிலிருந்த ஈரத்தாளால் துடைக்கிறேன். பச்சை போகிறது, கூடவே மையும் இளகி அவன் கண்கள் கன்னத்துக்கு இறங்குகின்றன. இன்னும் அழுத்தித் துடைக்கிறேன். அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "போதும் தம்பி, விடுங்க. எம் பையன் முகம் போகுது." என் கையில் கறுத்துப்போன ஈரத்தாள். "படம் நல்லா வந்திருக்காப்பா?" என்று தோபியா கைபேசியைப் பிடுங்கிப் பார்க்கிறான். நானும் குனிந்து பார்க்கிறேன். பிள்ளைகள் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். ஓரத்தில் அவளுடைய பாதி முகம் விழுந்திருக்கிறது. அவள் கண், தோபியாவின் முதுகு மறைத்த இடத்திலேயே நிற்கிறது.