ஆறாத ஆஸிலோஸ்கோப்

ரூபினியின் மாக் மண்டின் பேட்டைத் தொழிற்சாலையில் பல காலைகளில் கிளம்பாமல் மக்கர் பண்ணும், மின்னலைகளைக் காட்டும் ஆஸிலோஸ்கோப், இங்கே பினாங்கு ஜார்ஜ்டவுன் கடையில் சுவிட்சைத் தட்டியதும் திரையில் பச்சைக் கோடு வரைகிறது. அதை விற்று, நேற்று ரிப்பேருக்குத் திரும்ப வாங்கி வைத்த சிவநேசன் சிரிக்கிறார். “பாத்தியா தங்கச்சி, இப்பதான் ஸ்டோர்லேருந்து எடுத்தேன். மெஷின்ல ஒன்னும் இல்லலா.” ரூபினி பின்புறத் துவாரங்களின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். இட்லிச் சட்டி மூடியாகச் சுடுகிறது. சூடேறியிருந்தால் கிளம்பும், ஆறிக் கிடந்தால் கிளம்பாது. அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்புகிறாள். “ஆறட்டும் அண்ணே. பாலில்லாத தே ஓ குடிச்சிட்டு மறுபடி போட்டுப் பாப்போம்.” கண்ணாடிக் கதவில் மத்தியான வெயில் தகிக்கிறது. சிவநேசனின் நெற்றி வியர்வை புருவத்தில் இறங்குகிறது. அவர் மெதுவாக எட்டி விசிறியை நிறுத்துகிறார். “குளிருதுலா.”