பாதியில் போன சார்ஜ்

“பச்சை ஸ்வெட்டர் போட்ட அம்மா, நேர் எதிர்ல. கையை நீட்டுங்க தம்பி,” என்றது காதோரக் குரல்.

யெல்மர் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினான். “பிறந்தநாள் வாழ்த்துகள்.”

“இப்பத்தானே சொன்னே? பரவாயில்ல, இன்னொரு தடவை வாங்கிக்கறேன்,” என்றாள் பச்சை ஸ்வெட்டர் அத்தை. வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகள் அத்தனையும் சிரித்தன.

பிறந்தநாள் என்னவோ அவன் கட்டிக்கொள்ளப் போகும் நின்கேயின் அம்மாவுக்குத்தான். ஆனால் அந்த ஊர் வழக்கப்படி வாழ்த்தும் கைகுலுக்கலும் கூடத்தில் இருக்கும் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். யாரையாவது விட்டுவிட்டால் அடுத்த பிறந்தநாள் வரை அதையே பேசுவார்கள்.

யெல்மருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அவன் போட்டிருந்த கண்ணாடியில் கேமரா உண்டு. அது பார்ப்பதை எங்கோ இருக்கும் உதவிக் குழுத் தொண்டர் வீடியோ காலில் பார்த்து, காதோரம் சொல்லுவார். இன்றைய ஆளை நின்கேதான் ஏற்பாடு செய்திருந்தாள். பெயர் சொல்லிக்கொள்வது குழுவில் வழக்கமில்லை.

கண்ணாடி வந்த பெட்டியில் ‘நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கும்’ என்று எழுதியிருந்தது. எழுதிய புண்ணியவான் அதில் வீடியோ காலே பேசியதில்லை போலிருக்கிறது. பேச ஆரம்பித்தால், ஒரு கப் காபி ஆறுவதற்குள் பாதி சார்ஜ் காலி.

“உன் மாமனார் கொட்டகையில ஏதோ சைக்கிள் ரிப்பேராம். கேக் வெட்டும்போதுதான் வருவார்,” என்றாள் அத்தை.

யெல்மர் சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கழிப்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினான்.

“தம்பி, முதல்ல கண்ணாடியைக் கழட்டிக் கூரையைப் பாக்குற மாதிரி வைங்க,” என்றது குரல் பதறிப்போய். “எனக்கும் கொஞ்சம் மானம் மரியாதை இருக்கு.”

“பேசத்தான் சார் வந்தேன்,” என்றான் யெல்மர். ஆனாலும் கழற்றித் தொட்டிமேல் மல்லாக்க வைத்தான். “நின்கேயோட அப்பா வர்ற நேரம். அவர் உள்ள வந்ததும் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. நான் தடுமாறாம நேரா போய்க் கை கொடுக்கணும். அதுக்குத்தான் நீங்க.”

“ஏன், அவர் அவ்வளவு பெரிய ஆளா?”

“நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. கல்லுளிமங்கன்னு கேள்வி.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான். ‘இவனைக் கட்டிக்கிட்டா ஆயுசு பூரா நீதான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அலையணும்’னு பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கார். அவ அன்னிக்கு அழுத அழுகை.”

“அழுதாளா?”

“தேம்பித் தேம்பி.”

சார்ஜ்தான் போய்விட்டதோ என்று யெல்மர் கண்ணாடியைத் தட்டினான்.

“இருக்கேன், இருக்கேன்,” என்றது குரல். “சரி, அவர் வேண்டாம்னு சொல்லிட்டா?”

“கட்டிக்கத்தான் போறோம். ஆனா அவ அழுதுகிட்டே என்னைக் கட்டிக்குவா. அதை என்னால தாங்க முடியாது சார்.”

“அப்படி என்ன இருக்கு அந்தப் பொண்ணுகிட்ட?”

“வாய் ஜாஸ்தி, சமையல் சுமார். ஆனா ரோட்டைத் தாண்டும்போது அவ என் கையைப் பிடிக்க மாட்டா. நான்தான் அவ கையைப் பிடிச்சுக்குவேன். அந்த வித்தியாசம் வேற யாருக்கும் புரிஞ்சதில்ல.”

‘சார்ஜ் மிகவும் குறைவு’ என்று கண்ணாடி கூவியது.

“பாத்தீங்களா? கதை கேட்டே சார்ஜைத் தீர்த்துட்டீங்க,” என்று யெல்மர் சிடுசிடுத்தான். “ஊர்ல எத்தனையோ தொண்டர் இருக்க, எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கீங்க.”

“சும்மா கேட்டேன் தம்பி. கிளம்புங்க. தாழ்ப்பாள் முரண்டு பிடிக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க.”

தூக்கித் தள்ளினான். கதவு திறந்துகொண்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேகமாகக் கூடத்துக்கு நடந்தான். நின்கே கேக் தட்டுகளை அடுக்கும் சத்தம் சமையலறையிலிருந்து கேட்டது. வீட்டுக்குள் நுழைந்ததுமே கூடவே வரப் பார்த்தவளை, தானே சமாளிக்கிறேன் என்று அவன்தான் அங்கே அனுப்பியிருந்தான்.

“எங்கே சார் உட்காரறது? சீக்கிரம்.”

“ஜன்னலோரம் ஒண்ணு காலியா இருக்கு. ஆனா அதுல மட்டும் உட்கார்ந்துடாதீங்க. அது வந்து...”

‘டிங்’ என்றது கண்ணாடி. அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

நட்டநடுக் கூடத்தில் யெல்மர் தனியாக நின்றான். பின்கட்டுக் கதவு திறந்தது, கனத்த பூட்ஸ் சத்தம் உள்ளே வந்தது. அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூடம் கப்சிப்பென்று ஆனது.

“வாங்கண்ணே, இதான் நம்ம மாப்பிள்ளைப் பையன்,” என்றாள் அத்தை மெல்ல.

இடமா, வலமா? சொல்ல ஆளில்லை. போனது போகட்டும் என்று, பூட்ஸ் கடைசியாகக் கேட்ட பக்கம் பார்த்து யெல்மர் கையை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. யாரும் தொடவில்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது.

பிறகு ஒரு முரட்டுக் கை, சைக்கிள் எண்ணெய்ப் பிசுக்கோடு, பக்கவாட்டிலிருந்து வந்து அவன் கையைப் பற்றியது. பிடித்து இழுக்கவில்லை. அவன் கையைத் தன் முழங்கைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, வந்தவர் ஜன்னல் பக்கம் நிதானமாக நடந்தார்.

கண்ணாடி செத்துப்போய் மூக்கின்மேல் கிடந்தது. குரல் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

“அது என் நாற்காலி தம்பி. பரவாயில்ல, இன்னிக்கு நீங்க உட்காருங்க.”