கண்ணாடி மூடி

பச்சோந்திக் குட்டியின் முன்னங்கால்கள் வளைந்துவிட்டன. எலும்பை உறுதியாக்கும் புற ஊதா விளக்கு கூட்டுக்கு மேலே நாள் முழுக்க எரிந்தும் பலனில்லை. சூடு வெளியே போகக் கூடாதென்று வளர்க்கிறவன் நடுவே கண்ணாடியைப் போட்டு மூடியிருந்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அண்ணே, கிளையைப் பிடிக்க முடியலே. வலிக்குது" என்றது குட்டி.

"நான் குறையே வைக்கலையேடா" என்றது விளக்கு. "ஏய் கண்ணாடி, நடுவுல நீ ஏதாவது அமுக்குறியா?"

"என்னைப் பார்த்தா கேக்குறே? இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் தெரியுது. நான் எதை அமுக்க? குட்டிக்கு ஏறச் சோம்பல், அதான்!"

கண்ணாடி விளக்கின் வெளிச்சத்தை உள்ளே விட்டது, சூட்டையும் உள்ளே விட்டது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை மட்டும் விழுங்கிக்கொண்டே இருந்தது.

குட்டியின் தாடை தொய்ந்தது. நாக்கை நீட்டிப் பூச்சி பிடிக்கவும் தெம்பில்லாமல் அடியில் கிடந்தது. பிழைக்குமா என்பதே சந்தேகம்.

ஒரு மத்தியானம் கண்ணாடி தரையில் விழுந்து சுக்குநூறானது. சத்தம் கேட்டு ஓடிவந்தவன், கையில் கிடைத்த கம்பி வலையை மேலே போட்டு இறுக்கிக் கட்டினான். கதிர் நேரே குட்டியின் முதுகில் விழுந்தது. வளைந்த கால் நிமிரவில்லை. உயிர் மட்டும் தங்கியது.

மூடியைத் தள்ளிவிட்டது, குட்டியைத் தின்ன வந்த பூனை.