நாற்பத்து மூன்று தடவை

"சார், இவரோட ஒப்பந்தத்தை நீங்க புதுப்பிச்சீங்கன்னா, நான் மைக்கைக் கழட்டி உங்க மேஜை மேல வெச்சுட்டுப் போயிடுவேன்."

மைக் மேடம் சொன்னால் செய்கிறவர். அது தெரிந்ததால்தான் பிரின்சிபல் அழுக்கே இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அந்தச் சமுதாயக் கல்லூரியில் பாட்காஸ்ட் என்ற பேச்சை எடுத்ததே மேடம்தான். எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் பொதுவான 'பேசும் திறன்' பாடம் அவருடையது. படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் குடும்பஸ்தர்கள். பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்கட்டும் என்று, பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பேசிக் கல்லூரிச் செயலியில் ஏற்றினார். பிடித்துக்கொண்டது. வேறு கல்லூரிகளிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புது நகை போட்டவள் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசுவாளே, அந்த மாதிரி மேடமும் மைக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் பேசுவார்.

வாரத்துக்கு ஒரு தடவை, புதன்கிழமை அவருடைய வகுப்பு இருந்தது. இந்தப் பருவத்திலிருந்து அதையும் எடுத்தாயிற்று. வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

மற்ற ஆசிரியர்களும் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். வெல்டிங் சார் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

"வெல்டிங்கைக் காதால கத்துக்க முடியாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அவருடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுக் கடிதம் கையெழுத்துக்காகப் பிரின்சிபல் மேஜையில் கிடக்கிறது.

"மைக் வேண்டாம்னா போகட்டும்னு விட்டேன் சார். இதைப் பாருங்க."

மேடம் கைபேசியை நீட்டினார். யார், எதை, எத்தனை தடவை கேட்டார்கள் என்று செயலி பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

"பத்து நிமிஷ எபிசோடு. நாற்பத்து மூணு தடவை நிறுத்தி நிறுத்திப் பின்னாடி தள்ளிக் கேட்டிருக்காரு. ஒண்ணு ரெண்டு இல்ல, இந்தப் பருவத்து எபிசோடு பதினஞ்சையும் இதே மாதிரி. எதுக்கு?"

"பிடிச்சிருக்குமோ என்னவோ."

"என் வீட்டுக்காரரே ரெண்டு நிமிஷத்துக்கு மேல கேட்டதில்ல சார்!"

பிரின்சிபல் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நொட்டை சொல்றதுக்காகப் பொறுக்கறாரு. பட்டறையில அவர் மேஜை மேல ஒரு ஃபைல் இருக்கு. என் கண்ணால பார்த்தேன். நான் பேசினது வரிக்கு வரி டைப் அடிச்சிருக்கு. நடுநடுவுல சிவப்பு மை. இருபது வருஷமாப் பாடம் நடத்தறேன். எனக்கே சிவப்பு மையா?"

ஆள் அனுப்பினார்கள். வெல்டிங் சார் ஃபைலோடு வந்து நின்றார். சட்டைக் கையெல்லாம் பொரிப் பொரியாகத் தீப்பொறி பட்ட ஓட்டை.

"உட்காருங்க."

"பேண்ட்ல கரி இருக்கு சார்."

"இதெல்லாம் நீங்க டைப் அடிச்சதா?"

"ஆமா சார். ரெண்டு விரல்தான் ஓடும். அதான் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டியதாப் போச்சு. மேடம் கொஞ்சம் வேகமாப் பேசறாங்க."

"பார்த்தீங்களா, முதல் குறை வந்தாச்சு!" மேடம் ஃபைலைப் பிடுங்கிப் பிரித்தார். "இந்தா, நாலாவது வரியில சிவப்பு வட்டம். என்ன தப்பைக் கண்டுபிடிச்சீங்க?"

"தப்பு இல்லீங்க மேடம். அந்த இடத்துல நீங்க சிரிச்சீங்க."

"என்னது?"

"சிரிப்பை எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல. அதனால வட்டம். ரெண்டு வட்டம்னா நல்லாச் சிரிச்சீங்கன்னு அர்த்தம். அடியில கோடு இருந்தா அந்த வார்த்தையை அழுத்திச் சொன்னீங்கன்னு."

மேடம் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ரெட்டை வட்டம். பக்கத்தில் வேறு யாரோ பென்சிலால், 'இங்கே ஏன் சிரித்தார்கள்?' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வெல்டிங் சாரின் கோணல் எழுத்தில் பதில்: 'மாமியாரைப் பற்றிச் சொன்னார்கள்.'

பிரின்சிபல் முன்னால் சாய்ந்தார். "யாருக்காக இதெல்லாம்?"

வெல்டிங் சார் மேஜையில் கிடந்த கடிதத்தை ஒரு தடவை பார்த்தார்.

"பேர் மட்டும் கேட்காதீங்க சார். சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். நீங்க கையெழுத்துப் போடலைன்னாலும் சரி. பட்டறையில ஒரு நாள் சிலிண்டர் உருண்டு வந்துச்சு. 'நகரும்மா'ன்னு கத்தினேன். நகரல. ஓடிப்போய் இழுத்தேன். அன்னைக்குத்தான் அந்தம்மாவுக்குக் காது கேட்காதுன்னு எனக்கே தெரியும். விஷயம் வெளியில வந்தா அனுப்பிடுவாங்கன்னு பயம். ரெண்டு பிள்ளைங்க, இந்தப் படிப்பை நம்பித்தான் இருக்காங்க."

பிரின்சிபல் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மேடம் அதைக் கவனிக்கவே இல்லை.

"என் பாடத்துலயும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேனே! போன பருவத்துல எப்படிச் சமாளிச்சாங்க? அப்பவும் நீங்கதான் டைப் அடிச்சுக் கொடுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம். புதன்கிழமை வகுப்பு இருந்த வரைக்கும் இந்தப் பேப்பரே தேவைப்படல. முதல் வரிசையில உட்கார்ந்து, உங்க உதட்டைப் பார்த்தே முழுப் பாடத்தையும் கேட்டுக்கிட்டாங்க."