ஏழு லிட்டர் கேன்

“புது பிக்கப்புக்கு இன்ஜின் ஆயில் வேணும்” என்றார் தச்சர்.

“டீசலா, அண்ணே? எவ்வளவு ஓடியிருக்கு?” என்றார் கடைக்காரர்.

“டீசல்தான். ஒரு கிலோமீட்டர்கூட ஓடலை.”

“அப்ப கம்பெனியில ஊத்தின ஆயிலே இருக்குமே!”

“இருக்கட்டும். ஒசத்தியா ஒண்ணு எடுங்க.”

சாதா ஆயிலைப் பார்த்துத் தச்சர் உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, ஃபுல் சிந்தெட்டிக் ஏழு லிட்டர் கேனை இறக்கினார்.

“கடையிலேயே விலை கூடினது இதான்.”

“இத ஸ்கூட்டர்ல ஊத்தலாமா?”

“ஊத்தினா ஸ்கூட்டர் போச்சு.”

“கதவுக் கீலுக்கு?”

“ஏழு லிட்டரையுமா?”

தச்சர் முகம் மலர்ந்தது. “இதையே குடுங்க.”

“வண்டியக் கொண்டாங்க, நானே ஊத்தித் தரேன்.”

“வண்டி இன்னும் வாங்கலை.”

கடைக்காரர் கேனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கட்டிலையும் ஸ்கூட்டர்லயே கொண்டுபோய்க் குடுங்கங்கறா வீட்ல. பிக்கப்னு வாயெடுத்தாலே சண்டை. ஆனா ஒரு பொருள் சும்மா கெடந்து வீணாப் போனா அவளுக்குத் தூக்கம் வராது. போன வருஷம் ஒரு நாய்ச் சங்கிலி வாங்கிட்டுப் போனேன். இப்ப நாயை அவளேதான் குளிப்பாட்டுறா.”

கடைக்காரருக்கு மனம் இளகிவிட்டது. “அண்ணி ஒத்துக்கலைன்னா கேனைக் கொண்டாங்க. திருப்பி எடுத்துக்கறேன்.”

தச்சர் பதறிப்போனார்.

“ஐயையோ! எடுக்க மாட்டேன்னு பில்லுல எழுதுங்க. கொட்டை எழுத்துல!”