யாருக்கு வேண்டும் பழைய ஸ்கேன்?

“பழைய ஸ்கேனை எல்லாம் யாரும்மா திரும்பப் பாக்கப் போறாங்க? அழிச்சிட்டா இடம் கெடச்சிட்டுப் போகுது. புது சர்வர் எதுக்கு, தண்டச் செலவு!” என்றார் மருத்துவமனையின் நிதி மேலாளர்.

ஸ்கேன் டாக்டரம்மா இரண்டு படங்களைத் திரையில் அருகருகே வைத்தார்.

“இது நேத்து எடுத்தது. நுரையீரல்ல இந்தப் புள்ளியைப் பாத்துட்டு ஆபரேஷனுக்கே நாள் குறிச்சிட்டாங்க. பக்கத்துல இருக்கறது அஞ்சு வருஷத்துக்கு முந்தினது. அதே புள்ளி, அதே அளவு. வெறும் பழைய தழும்பு சார். ஆபரேஷனே வேணாம்.”

“என் வயித்துல பாலை வார்த்தீங்கம்மா!”

நேற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் அந்த மேலாளர்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்ஜெட் தாளை எடுத்தார். டாக்டரம்மா ஆவலோடு பேனாவை நீட்டினார்.

“என் படம் ரெண்டும் எவ்வளவு இடம் பிடிக்கும்?”

“கொஞ்சம்தான் சார். ஒரு பென் டிரைவ்லயே அடங்கிடும்.”

“அப்போ அதுல போட்டு எங்கிட்ட குடுத்துடுங்க,” என்றபடியே தாளில் ‘புது சர்வர்’ என்றிருந்த வரியை அடித்துவிட்டார்.